எதற்கும் ஒரு டிரைவ் இருக்கட்டும்

சித்திரை மாதத்து நடுவெயிலில் ஒருவர் குடையோடு போனால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. குடையோடு, அந்தக் குடை காற்றில் மடங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு மழைக்கோட்டும், மழைக்கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டால் என்று ஊசியும் நூலும், நூல் கோக்கக் கண் தெரியாவிட்டால் என்று இன்னொரு மூக்குக்கண்ணாடியும் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகிறாரே, அவரைத்தான் இன்று உங்களுக்குக் காட்டப் போகிறேன். இந்த இனத்துக்கு 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பெயர். சென்னை முழுவதும் காணப்படும். மயிலாப்பூரில் கொஞ்சம் அடர்த்தி.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ரயில் ஏறினால் பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சங்கிலி, சாவி தொலைந்தால் பூட்டை உடைக்க ஒரு சுத்தியல். வீடு கட்டினால் கிணற்றடியில் ஒரு பிளக் பாயிண்ட். "இங்க எதுக்கு சார்?" என்று எலெக்ட்ரிஷியன் தலையைச் சொறிவான். எதற்கா? உலகத்தில் இந்த இனத்துக்குப் புரியாத ஒரே கேள்வி அதுதான். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கிற நிமிஷத்தில் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போய்ப் படுத்துவிடும் என்று பேப்பரில் எழுதினார்களோ இல்லையோ, வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத எத்தனை பேர் மண்ணெண்ணெயும் மெழுகுவத்தியும் வாங்கி அடுக்கினார்கள், தெரியுமா? எல்லாம் இவர்கள்தான்.

இதில் முதல் தரமான மாதிரி ஒன்று கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் இருந்தது. பெயர் பத்ரிநாராயணன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர். 'நாளைக்கே ஏதாவது ஆயிடுத்துன்னா?' என்று ஊராரைக் கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவர், போன பங்குனியில் ஓய்வு பெற்றார். ஆபீஸ் போய்விட்டது, கேள்வி மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

அந்தத் தெருவில் யார் எது வாங்கப் போனாலும் பத்ரியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவார். கடைக்காரன் ஃப்ரிட்ஜைத் திறந்து, மூடி, தட்டி, தடவி, அதன் அருமை பெருமையெல்லாம் பாடி முடித்து வியர்வையைத் துடைக்கும்போது இவர் மெல்லக் கேட்பார்: "பூட்டு உண்டோ?"

"ஃப்ரிட்ஜை யார் மாமா பூட்டப் போறா?"

"பூட்டணும்னு தோணித்துன்னா?"

அவ்வளவுதான். இதுவரை பூட்டே வேண்டாமென்று இருந்தவருக்கு, பூட்டில்லாத ஃப்ரிட்ஜோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று கவலை பிடித்துக்கொள்ளும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண், மஹதி. நந்தனத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. அதை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்திருந்தாள். புடவைக் கடையில் இருக்கிற சரக்கையெல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பாள். 'மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்' என்று தட்டினால் கடையில் அந்த ஜாடையில் இருக்கும் புடவைகள் மட்டும் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். நூறு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "வேற கலர் இல்லியா?" என்று கேட்கிற மாமிகளுக்கு நடுவே, கடைக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் கடை கடையாகப் பஸ்ஸில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டுமே. அதற்கு ஒரு லேப்டாப் வாங்கக் கிளம்பினாள். அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தி. நகரில் ஒரு ஷோரூம். விற்பனையாளன் ராகேஷ், டை கட்டிய இளைஞன், பூப்போல ஒன்றை எடுத்து மஹதியின் கையில் வைத்தான். மெல்லிசு, கனமே இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. பத்ரி அதை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், காதில் வைத்துக் கேட்காததுதான் பாக்கி.

"சி.டி. எங்க போடறது?"

"இதுல உள்ள கிடையாது சார். ஸ்லிம் மாடல். ஃப்ளாப்பிகூட இல்ல. சி.டி. டிரைவ் தனியா வரும், கேபிள்ல மாட்டிக்கலாம். வேணும்னா உள்ளயே வெச்ச மாடலும் இருக்கு, ஆனா வெயிட்டு."

"உள்ளயே இல்லையா!" பத்ரி அக்கம்பக்கம் சாட்சிக்கு ஆள் தேடினார். "ஏம்ப்பா, ஆத்துக்குள்ள இருக்க வேண்டிய கக்கூஸைத் தெருக்கோடில கட்டிட்டு, வேணுங்கறப்போ ஓடிப் போய்க்கோங்கோன்னு சொல்ற மாதிரின்னா இருக்கு?"

"அப்பா!" என்றாள் மஹதி.

"சார், இன்னும் பத்து வருஷம் போனா பாருங்க, எந்த லேப்டாப்லயும் சி.டி. டிரைவ் இருக்காது. ஃப்ளாப்பின்னா என்னன்னு பசங்க கேப்பாங்க."

பத்ரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பையன் நல்ல பையன், யாரோ மந்திரித்து விட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. "சரி, உள்ள இல்லை. திடீர்னு வேணும். இல்லேன்னா?"

மஹதி பொறுமையாகச் சொன்னாள். "என்னோட வேலையெல்லாம் இதுக்குள்ளயே ஏத்தி வெச்சுப்பேன்ப்பா. சி.டி. எப்பவோ ஒரு நாள்தான் வேணும். அதுக்காகத் தினமும் தோள்ல சுமக்கணுமா? தேவைப்படறப்போ மாட்டிண்டா போறும்."

தேவைப்படும்போது மாட்டிக்கொண்டால் போதும். சாதாரண வாக்கியம்தான். பங்குனியிலிருந்து வீட்டில் பேப்பரை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்த மனுஷருக்கு அது எங்கேயோ சுருக்கென்று தைத்தது. மஹதி மெல்லிசு லேப்டாப்பை வாங்கினாள். அவர் தன் பங்குக்கு அந்தத் தனி டிரைவை வாங்கினார். டிபன் டப்பா மாதிரி மேல்மூடி திறக்கிற சாமான். கூடவே வயர்கள், ஒரு ஃப்ளாப்பி. "வேற கம்ப்யூட்டர்ல இந்த டிரைவை மாட்டினா, முதல்ல இந்த ஃப்ளாப்பியைப் போட்டு அதுக்கு அறிமுகப்படுத்தணும் சார்" என்றான் ராகேஷ். ஃப்ளாப்பி போட வாயே இல்லாத லேப்டாப்போடு ஃப்ளாப்பி எதற்கு என்று மஹதி குப்பைக் கூடையில் போட்டாள். பத்ரி குனிந்து எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கப் போகிறீர்களா என்ன?

அன்று முதல் லேப்டாப் மஹதியின் தோளில், டிரைவ் பத்ரியின் மஞ்சள் பையில். டிரைவ் போக வேண்டுமானால் பை போக வேண்டும், பை போக வேண்டுமானால் பத்ரி போக வேண்டும். அடையாறு, சாந்தோம், பாண்டி பஜார் என்று அவள் போன கடைக்கெல்லாம் இவரும் போய், மூலையில் ஒரு ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியில் வெளியே உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு நாளாவது டிரைவ் வேண்டியிருந்ததா? இல்லை. அந்தப் பையில் டிரைவோடு பஞ்சு, ஸ்பிரிட், டார்ச், தலைவலித் தைலம், நெல்லிக்காய் ஊறுகாய் எல்லாம் சேர்ந்துகொண்டே போனதுதான் மிச்சம். "ரிடையர் ஆனப்புறம் போர்ட்டர் வேலை கிடைச்சுடுத்தே" என்று மனைவி நீரஜா கேலி செய்வாள். பத்ரிக்குக் கோபம் வராது. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடம் இருக்கிறதே, அந்தச் சந்தோஷம் அவருக்கு.

ஆனால் தொழில் படியவில்லை. பார்த்தவர்களெல்லாம் 'பேஷ்' என்றார்கள், 'தீபாவளி போகட்டும்' என்றார்கள். கடைசியாகப் பனகல் பார்க் பக்கத்தில் பட்டுப் புடவைக் கடை வைத்திருந்த வைரவன் அண்ணாச்சி பிடி கொடுத்தார். "விஜயதசமி அன்னைக்கு வா பாப்பா. நல்ல நேரத்துல எங்க மிசின்ல ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா ஒனக்கு. ஓடலைன்னா எங்க சின்னம்மா மகன் ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான், அவனுக்கு."

இதுவும் கைவிட்டால் கடையைக் கட்டிவிட்டு நந்தனம் வேலைக்கே திரும்பிவிடுவதாக மஹதி சொல்லிவிட்டாள். நந்தனம் ஆபீசில் மஞ்சள் பைக்கு ஸ்டூல் போட மாட்டார்கள் என்பது பத்ரிக்குத் தெரியும்.

மஹதி முன்ஜாக்கிரதையாகக் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டாள். கணக்குப்பிள்ளை எடுத்தார். "சி.டி. டிரைவா? முன்னாடி நீட்டமா ஒரு மூடி மாதிரி இருக்குமே, அதுதானே? இருக்கு, இருக்கு." புரோகிராமை அடையாறில் ஒரு கடையில் சி.டி.யில் எழுதி வாங்கினாள். முதல் நாள் மத்தியானம் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா, நாளைக்கு நீ வர வேண்டாம். அங்கயே டிரைவ் இருக்காம். நீ பக்கத்துல பையோட உக்காந்திருந்தா எனக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கு. தேவைப்பட்டாக் கூப்பிடறேன்."

"சரிம்மா" என்றார் பத்ரி. அவ்வளவு சுருக்கமாக அவர் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை. பத்ரி வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மணையில் ஆரம்பித்து அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, சைக்கிள் பம்ப் வரை எதற்கும் பொட்டு தப்பாது. லேப்டாப்புக்கு மேலே மட்டும் வைக்க வேண்டுமென்று மஹதி காவல் நின்றாள். டிரைவுக்குக் காவல் இல்லை. மனம் கனத்துப்போயிருந்த பத்ரி அதைக் கையில் எடுத்தார். மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தார். திருப்தியாக இல்லை. சாத்தின கதவுக்குப் பொட்டு வைத்தால் உள்ளே இருக்கிறவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? மூடியைத் திறந்தார். உள்ளே சின்னதாக, பளபளவென்று, மணி மாதிரி ஒரு கண்ணாடிக் கண். இதுதான் சுவாமியே என்று அவருக்குப் பட்டது. நல்ல கெட்டிச் சந்தனமாக எடுத்து, நடுவில் குங்குமம் வைத்து, பயபக்தியோடு மூடினார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது அல்லவா? தொடவில்லை.

விஜயதசமி காலையில் மஹதி கிளம்பிப் போனாள். பத்ரி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். பிறகு, கல்யாணமான நாள் முதல் வாயால் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நீரஜா, புடவை எடுக்கப் போலாமா?"

நீரஜா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை. மஞ்சள் பையைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தால் என்ன, வருகிற புடவையை விடுவாளா? ஐந்து நிமிஷத்தில் தயாராகிவிட்டாள்.

வைரவன் கடையில் கீழே நீரஜாவுக்கு முன்னால் புடவைகள் மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. பத்ரி ஒரு முந்தானையைப் பிடித்தபடி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் என்ன நடந்தது தெரியுமா? வைரவன் அண்ணாச்சி நம் ஆளுக்கு நேர் எதிர் இனம், 'இது எதுக்கு?' வகை. கம்ப்யூட்டர் வாங்கும்போதே, "கணக்குப் போடுத பொட்டிக்குப் பாட்டுப் பொட்டி எதுக்குவே?" என்று சி.டி. டிரைவை வேண்டாமென்று சொல்லிவிட்டார். முன்பக்கத்தில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் மூடி. கணக்குப்பிள்ளை பொய் சொல்லவில்லை பாவம், மூடி இருக்கத்தான் இருந்தது.

"என் லேப்டாப்ல காட்டறேன் சார்" என்று மஹதி காட்டினாள். அண்ணாச்சி பார்த்தார், தலையை ஆட்டினார். "அது ஒன் பொட்டி. அதுல ஓடுறது ஒன் சாமர்த்தியம். எம் பொட்டில ஓடணும்லா? பன்னெண்டு மணியோட நல்ல நேரம் போயிருது. சாயங்காலம் சின்னம்மா மகனும் வாரான்."

யாரிடமாவது டிரைவ் இரவல் கேட்கலாமென்று மஹதி போனைத் தேடிப் படியிறங்கி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. பாதிப்படியில் நின்றுவிட்டாள். கீழே அம்மா தோளில் மயில்கழுத்துக் கலர், பக்கத்தில் அப்பா, அப்பா மடியில் மஞ்சள் பை.

"அப்பா!"

"நான் சும்மா... அம்மாவுக்குப் புடவை..." பத்ரி திருட்டு முழி முழித்தார். "டிரைவும் எடுத்துண்டு வந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

அத்தனை பேர் நடுவில் அப்பாவைக் கட்டிக்கொள்ள முடியாத குறைக்கு, கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள் மஹதி. புடவையைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நீரஜாவும், புடவைக்குக் காவலாக அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பமும் பின்னாலேயே ஏறினார்கள். கல்லாவில் உட்காருகிறவர் அந்த அம்மாதான். கடையில் அண்ணாச்சி பேசுவார், முடிவு பண்ணுவது தங்கபுஷ்பம்.

பத்ரி பிறந்தது இந்த ஒரு முகூர்த்தத்துக்காகத்தான். டிரைவை எடுத்து வைத்தார். வயர்களை நீட்டினார். "புதுக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தணுமே, அந்த ஃப்ளாப்பி..." என்று மஹதி தலையில் கை வைத்தபோது, குப்பைக் கூடையிலிருந்து பிழைத்த ஃப்ளாப்பியை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார் பாருங்கள், அந்தக் கம்பீரத்தை நான் எப்படி எழுத! ஃப்ளாப்பி போயிற்று, கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது. மஹதி மூடியைத் திறந்த கையோடு சி.டி.யை வைத்து அழுத்தி மூடினாள்.

கிர்ர் என்றது. நின்றது. மறுபடி கிர்ர். திரையில் ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். மஹதி அவர் முகத்தையே பார்த்தபடி சி.டி.யை எடுத்துத் துடைத்துப் போட்டாள். கிர்ர்.

"ஏன்னா," என்றாள் நீரஜா மெதுவாக, "நேத்திக்கு இதுக்கும் பொட்டு வெச்சேளே, எங்க வெச்சேள்?"

பத்ரி மூடியைத் திறந்தார். சி.டி.யை எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடிக் கண்ணின் மேல், காய்ந்து இறுகி, நடுவில் குங்குமத்தோடு, லட்சணமாக ஒரு சந்தனப் பொட்டு.

எந்தக் கண்ணால் படிக்க வேண்டுமோ அந்தக் கண்ணையே அடைத்துவிட்டார் மனுஷர். மஹதி கண்ணை மூடிக்கொண்டாள். நந்தனம் கண்முன்னே வந்திருக்கும். பத்ரிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "என்னாலதான்... எல்லாம் என்னாலதான்மா" என்றார்.

அப்போது தங்கபுஷ்பம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாய்க்குள்ளே, பிறகு வளையல் குலுங்க. "நீங்களாவது சந்தனம் வச்சீங்க சாமி! எங்க வீட்டு அண்ணாச்சி நேத்து பில்லு அடிக்கிற மிசின் வாய்க்குள்ள பொரியும் கடலையும் போட்டுட்டாக. காலையிலருந்து பில்லுக்குப் பதிலா பொரிதான் வருது!"

"ஏட்டி, சும்மா கெட" என்று அண்ணாச்சி முணுமுணுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தச் சிரிப்பில் பத்ரிக்கு உயிர் வந்தது. பைக்குள் கையை விட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த பஞ்சு. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த ஸ்பிரிட். நீரஜா டார்ச் பிடிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு கண் ஆபரேஷன் செய்வது போல நூல் நூலாகத் துடைத்தார். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று, கண் விழித்தது. மஹதி சி.டி.யைப் போட்டாள். கிர்ர் என்றது, அப்புறம் சத்தம் மெலிந்து ஒரே சீராக ஓடியது. தங்கபுஷ்பம் கலர் சொல்ல மஹதி தட்டினாள்; மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் புடவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து விரிந்தன. பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது.

"பாப்பாவுக்கே குடுத்துருவோம்" என்றார் தங்கபுஷ்பம். அண்ணாச்சி அதையே உரக்கச் சொன்னார். "ஆனா இந்த டிரைவு இங்கயே இருக்கட்டும். புதுச் சரக்கு வர வர சி.டி. போடணும்லா? எதுக்கும் இருக்கட்டும்." எதிர் இனத்துக்காரர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கவனித்தீர்களா?

வீடு திரும்பும்போது நீரஜாவின் கையில் புதுப் புடவை, மஹதியின் முகத்தில் சிரிப்பு, பத்ரியின் கையில் தொளதொளவென்று மஞ்சள் பை. ஜெயித்தாயிற்று. ஆனால் டிரைவ் போய்விட்டது. இனிமேல் என்ன சாக்கில் கூடப் போவது? இரவு சாப்பாட்டில் இரண்டாம் தடவை சாத்தமுது, அதுதான் ரசம், கேட்கவில்லை.

மறுநாள் காலை. மஹதி அடையாறில் ஒரு கடைக்குக் கிளம்பினாள். பத்ரி பனியனோடு உட்கார்ந்து பேப்பரை இரண்டாம் தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். கேட்டருகில் செருப்புச் சத்தம் நின்றது.

"அப்பா, கிளம்பலையா?"

"டிரைவ்தான் இல்லையேம்மா. நான் எதுக்கு?"

மஹதி லேப்டாப்பைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கும் இருக்கட்டும். வாப்பா."

சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, வெறும் பையோடு அந்த மனுஷர் ஓடின ஓட்டத்தை நீரஜா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் டி.வி. வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதே, அந்த டி.வி.யைப் பழசென்று எப்போது கொடுத்தீர்கள்? பெட்டி எதற்கு? சரி, அது போகட்டும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தாயிற்று. இனிமேல் இதனால் ஒரு உபயோகமும் கிடையாது. இருந்தும் பழைய பேப்பரோடு போட மனசு வராமல், மெல்லக் கிழித்து, நாலாக மடித்து, அலமாரியில் துணிக்கடியில் செருகப் போகிறீர்களே, அப்போது வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.